கவாத்து

கிரேட்டின் அடியில், நியூஸ் பேப்பருக்குக் கீழே
ஒரு கத்தரி கிடந்தது.
கைப்பிடியில் சைக்கிள் டியூப் சுற்றியிருந்தது,
அலகில் பால் காய்ந்து கறுத்திருந்தது.
பன்னீர்த் திராட்சை இருபது கிலோ என்றுதான்
கோயம்பேட்டு பில்லில் இருந்தது.

நவம்பர் கடைசிச் சனிக்கிழமை.
கத்திவாக்கத்தில் எங்கள் தெருவில்
அந்த ஒரு வாரம் மீன் வாசம் தோற்கும்.
ஆறு வீட்டில் ஜாடி இறங்கும்.
எங்கள் ஜாடிக்கு வாயோரம் சிமெண்ட் ஒட்டு.
காம்பு கிள்ளி, துடைத்து, கையால் பிசைந்து,
சர்க்கரை, ஒரு பிடி கோதுமை, நாலு கிராம்பு,
வேட்டித் துணியால் வாயைக் கட்டிக்
கட்டிலுக்கடியில் தள்ளினால்
இருபத்தோரு நாள்.
ராத்திரியில் அது முணுமுணுக்கும்.
நண்டுக் கூடைமேல் படுத்த மாதிரி இருக்கு
என்பான் சின்னப்பன்.

சட்டப்படி குற்றம்தான்.
இருபத்து மூன்றாம் தேதி ஏட்டு வருவார்.
"என்னம்மா எமில்டா, ஏதோ வாசம் வருது."
ஒரு பாட்டில் பைக்குள் போகும்.
வாசம் நின்றுவிடும்.

கிரேட்டில் ஒட்டிய சீட்டில் ஒரு நம்பர்.
கூப்பிட்டால் சுருளிப்பட்டி.
"கத்தரியா? மொக்கத்தாயோடது.
நாலு நாளா ஊரையே ஏசிக்கிட்டுத் திரியிறா."
போன் கை மாறியது.
பந்தலுக்கடியில் யாரோ இருமினார்கள்.
"அக்கா," என்றாள், என் வயது தெரியாமலே,
"இரவல் கத்தரியில வெட்டி உள்ளங்கை பொத்துப்போச்சு."
அப்புறம் கேட்டாள்:
"இம்புட்டுப் பழத்த என்ன செய்வீக?"
சொன்னேன்.
இருபது வருஷமா வெட்டுறேன்,
ஒயினைக் கண்ணால பாத்ததில்ல என்றாள்.

ஜனவரியில் ஒரு லாரியில்
எண்ணெய் போட்டுத் துணி சுற்றிய கத்தரி,
மெழுகு ஊற்றி மூடிய ஹார்லிக்ஸ் பாட்டில்,
ரெண்டு கிலோ நெத்திலிக் கருவாடு.
டிரைவர் கருவாட்டுக்கு மூக்கைச் சுளித்தான்.
பாட்டிலுக்குச் சுளிக்கவில்லை.

"மருந்து மாதிரி இருக்கு," என்றாள் போனில்.
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
"ஆனா நம்ம தோட்டத்துப் பழம்தான். நாக்குக்குத் தெரியுது."
அடுத்த லாரியில், ஈரச் சாக்கில்,
முழ நீளக் குச்சிகள் மூன்று.

ரெண்டு செத்தன.
மூன்றாவது, உடைந்த தெர்மோகோல் மீன் பெட்டியில்
மண்ணைப் பிடித்தது.
அனல்மின் நிலையத்துச் சாம்பல்
காலையில் இலைமேல் மாவு மாதிரி.
தட்டு துடைக்கிற துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்தேன்.
ஆஸ்பெஸ்டாஸில் ஏறி, கேபிள் ஒயரைப் பிடித்து
ஜெசிந்தா வீட்டு மாடிக்கே போய்விட்டது.
ரெண்டு வருஷம். வெறும் இலை.

"வெட்டுங்க," என்றாள்.
"ரெண்டு கண்ணு விட்டு மிச்சத்த வெட்டுங்க.
பாவம் பாத்தீகன்னா இலையத்தான் திங்கணும்."
சுறா வெட்டுகிற எனக்குக்
குச்சி வெட்டக் கை வரவில்லை.
வறுவலுக்குச் செதுக்குகிற கத்தரியை எடுத்துக்கொண்டு
ரெண்டு தடவை ஏணி ஏறி இறங்கினேன்.
மூன்றாம் தடவை வெட்டினேன்.
மறுநாள் வெட்டுவாயெல்லாம் சொட்டுச் சொட்டாக நீர்.
பதறிப்போய்க் கூப்பிட்டேன்:
"மொக்கத்தாயி, அழுவுது."
"அழுகையில்லக்கா.
வேரு முழிச்சிருக்கு."

இந்த வருஷம் ஒரே ஒரு கொத்து.
பத்தொன்பது பழம், எண்ணினேன்.
ஏட்டு மாற்றலாகிப் போய்விட்டார்;
புதியவருக்கு எங்கள் தெரு இன்னும் பழகவில்லை.
பதினெட்டு, இருபது கிலோவோடு ஜாடிக்குள் போனது.
மிச்சம் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு
கடல் பக்கம் பார்த்து மென்றான் சின்னப்பன்.

உப்பு என்றான்.