இரண்டரைப் பாகை

போயாவுக்கு முதல்நாளே நைதரசன் வாங்கிவிட வேண்டும்,
களனியில் கடை பூட்டிவிடுவார்கள்.
மஹ்ரூபின் ஓட்டோவில் என் முழங்கால்களுக்கிடையில்
பேஸ்லைன் வீதி நெரிசல் முழுக்கப்
புகைந்துகொண்டே வந்தது குடுவை.
"வெடிக்காதுதானே மிஸ்?"
மூன்றாம் தரமும் கேட்டான்.
விடிந்தபோது மூன்றிலொரு பங்கு காற்றோடு போயிருந்தது.

மொட்டைமாடியில் எங்கள் கிண்ணம்
விரித்த குடையளவு.
மில்லிமீற்றர் அலைகளுக்கு அது போதும்.
சூடு என்றால் என்னவென்று அதற்குத் தெரியாது,
வோல்ற்று மட்டும் சொல்லும்.
ஒவ்வொரு தடவையும் காட்டிக்கொடுக்க வேண்டும்:
இந்தா, நைதரசனில் ஊறிய கறுப்பு ஸ்பொஞ்ச். எழுபத்தேழு கெல்வின்.
இந்தா, ஊறாதது. முந்நூற்றிரண்டு.
இனி வருகிறதையெல்லாம் இந்த அளவுகோலில் வை.

கொழும்பு வானத்தில் பாதி கடல்.
உச்சியில் நூறு காட்டியது,
சரித்தால் நூற்றறுபது,
இன்னும் சரித்தால்
வெள்ளவத்தை ஈரமெல்லாம் திரண்டு இருநூறு தாண்டியது.
நடுவில் ஒரு காகம் வந்து
கொம்புக்கு நேர்முன்னே குந்தியது.
உதாரி சிரிக்காமல் பதிந்தாள்:
காகம், முந்நூற்று நான்கு.

ஆறு போயாக்கள்.
ஆறு தடவையும் நிலவு
புத்தகத்தில் உள்ளதைவிடக் குளிராகவே வந்தது.
வளியைக் குற்றஞ்சொன்னோம், வயரைச் சொன்னோம்,
ஒருநாள் ஒருவரையொருவர்.

இன்று ஸ்பொஞ்சைத் தூக்கப்போனவள்
கையை எடுக்காமல் நின்றாள்.
"மேக்க ரஸ்னெயி."
வெப்பமானி ஒட்டியிருந்தது பின்புறம்,
தண்ணீர்த் தாங்கியின் நிழலில்.
முன்புறம் பின்னேரம் முழுக்க
மேற்கு வெயிலைப் பார்த்தபடி இருந்திருக்கிறது.
இன்னொரு வெப்பமானியை முன்னால் செருகினோம்.
முந்நூற்றாறு.

சூட்டு முனையில் நான்கு பிழைத்தால்
நிலவு நிற்கும் இடத்தில் இரண்டரை பிழைக்கும்.
அரை வருடமாக
அதைக் குளிராக்கி எழுதி வைத்தது நாங்கள்தான்.

பொரளைக் கூரைகளுக்கு மேலே
அது ஏறிக்கொண்டிருந்தது. விகாரையில் பிரித் ஓதினார்கள்.
ஸ்பொஞ்சுக்குக் குடை பிடித்தபடி
பழைய பக்கங்களைத் திருப்பினேன்.
மாசியில் மப்பு இருந்ததா? பங்குனியில் தாங்கி நிழல்
எந்தப் பக்கம் விழுந்தது?
ஒருவரும் குறிக்கவில்லை.
திருத்த வழியில்லை. ஆறு எண்ணையும் வெட்டினேன்.

"காகத்தைத் திருத்தலாம்,
அது இன்றைக்குத்தானே" என்றாள் உதாரி.
கணக்குப் போட்டோம்.
முந்நூற்றெட்டு.