அறை எண் இல்லாதவர்

ஜுபைல், மூன்றாவது கேம்ப். மெஸ் வாசலில்
நெட் எட்டாது. அதனால் டேப்லெட்டின்
பிரவுசருக்குள்ளேயே குடிவைத்திருக்கிறேன்
நானூற்றுப் பன்னிரண்டு பேரை.

பெயருக்கு ஒரு இண்டெக்ஸ், அறைக்கு ஒன்று.
பதினேழு என்றால் ஆறு பேர் எழுந்து நிற்பார்கள்,
ஆறு பொட்டலம்.

மூன்று நாளாக ஒன்று குறைகிறது.
"உன் மெஷின் என் சோற்றைத் தின்னுது"
என்கிறார் வெல்டர் இருதயராஜ், சிரிக்காமல்.

இரவு இண்டெக்ஸை ஒதுக்கிவிட்டு
கர்சரைப் பிடித்துக்கொண்டு
முதல் ஆளிலிருந்து நடந்தேன்.
முந்நூற்று ஆறாவதாக இருந்தார்.
இக்காமா எண் இருக்கிறது,
பாதுகாப்புக் காலணியின் அளவுகூட.
அறை மட்டும் வெற்று.
ஏசி பழுதென்று காலி செய்யச் சொன்னவர்கள்
புது எண் தரவில்லை.

சாவி இல்லாதவரை இண்டெக்ஸ் சேர்ப்பதில்லை.
பிழை என்றும் சொல்வதில்லை.

எங்கே படுத்தீர்கள் என்று நான் கேட்கவில்லை.
அவராகச் சொன்னார்: வேனில்.

இக்காமாவுக்கு இண்டெக்ஸ் போட
வெர்ஷனை ஏற்றினேன். நகரவில்லை.
பழைய பக்கம் ஒன்று திறந்தே கிடக்கிறது:
இன்னொரு டேபில் பீர்மைதீனின் வெங்காயக் கணக்கு.
ஈரக் கையைக் கைலியில் துடைத்து
மூடினார். உடனே ஏறியது, நான்கு.

இன்று மதியம் பொட்டலம் சரி.
அறைக் கட்டம் இன்னும் காலி.
"வேன்னு போடேன்" என்கிறார் இருதயராஜ்.

போட்டால் டேட்டாபேஸ் ஏற்றுக்கொள்ளும்.
அதுதான் விரல் நகரவில்லை.