கொருக்குப்பேட்டை கேட்டில்

இன்டெல்தான் என்கிறான் கடைக்காரன்,
மூவாயிரம் கூடுதல்.
ரைசன் வாங்கு, சூடாகாது என்கிறான் தேவநேசன்.
சூட்டைப் பற்றி எனக்கு யாரும் சொல்ல வேண்டாம்.
என் பேனர் கடை
ஆஸ்பெஸ்டாஸுக்குக் கீழே.

கேட் போட்டுவிட்டார்கள்.
கூட்ஸ் வண்டி.
ஒற்றைப்படையில் முடிந்தால் ரைசன் என்று
பெட்டிகளை எண்ணினேன்.
முப்பத்தொன்று, முப்பத்திரண்டு,
ஒரு ஆட்டோ நுழைந்து மறைத்தது.

அதற்குள் போன்.
கண்ணீர் அஞ்சலி, பத்துக்கு எட்டு,
ஆறு மணிக்குள் வேண்டும்.
போட்டோ வந்தது:
ஏதோ கல்யாணத்தில் சிரிக்கிற முகம்,
தோளில் யாரோ ஒருவர் கை.

அந்தக் கையை அழிக்க
என் பழைய கம்ப்யூட்டருக்கு
இருபது நிமிடம் ஆகும், நடுவில் ஒருமுறை உறையும்.
புதியது நொடியில் அழித்துவிடும்,
எந்தக் கம்பெனி ஆனாலும்.

கேட் திறந்துவிட்டது.
பின்னால் ஹார்ன் அடிக்கிறார்கள்.
யார் கை அது என்று
டைப் பண்ணிக்கொண்டிருக்கிறேன்.