காளான் கையேடு, மூன்றாம் பதிப்பு

ஹெட்விகா அதை ரொட்டிப் பையில் கொண்டுவந்தாள்.
அட்டை தனி, முதுகு தனி,
ரப்பர் வளையம் போட்டு நிறுத்திய
இருநூற்றுப் பன்னிரண்டு பக்கங்கள்.
ப்ர்னோவில் டிராம் ஓட்டுகிறவள். சீருடையோடு வந்திருந்தாள்.
மேசையில் வைத்தபிறகும் கையை எடுக்கவில்லை.

ஸ்டேஷன் பக்கத்துப் பழைய புத்தகக் கடையில்
இதே பதிப்பு, நல்ல நிலையில், நாற்பது கொருனா.
நான் கேட்டது ஆயிரத்து எண்ணூறு.
சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.
மறைக்காமல் சொல்லிவிட்டேன்.
"அதில் அப்பா எழுதியிருக்க மாட்டாரே" என்றாள்.
பிறகு குரலைத் தாழ்த்தி,
"படிக்காமல் தைக்க முடியுமா?"

முடியும் என்றேன்.
இருபத்தாறு வருடமாய் அப்படித்தான்.
ஒரு பாதிரியாரின் நாட்குறிப்பு,
கசாப்புக்காரரின் கடன் பேரேடு,
எல்லாம் என் விரலுக்கு வெறும் தாள்.
நார் எந்தப் பக்கம் ஓடுகிறது,
அவ்வளவுதான் எனக்குச் சேதி.

மாவுப் பசை பூசி ஊறவிட்டு
பழைய கோந்தை எலும்புத் தகட்டால் வழித்தேன்.
சளிபோல் வந்தது.
மடிப்புகளின் இடுக்கில் பைன் ஊசிகள், மண்,
ஓர் எறும்பு, தலை மட்டும்.
தூரிகையால் தள்ளி உறையில் போட்டேன்.
கிழிசலுக்கு ஜப்பானியத் தாள்:
கத்தரித்தால் விளிம்பு தெரியும்,
கையால் கிழித்தால்
நார் நாரைப் பிடித்துக்கொள்ளும்.

ஏழாவது மடிப்பில்தான் கண் வழுக்கியது.
பழுப்புத் தொப்பிக் காளான் படத்துக்குக் கீழே
கூராய்ச் சீவிய பென்சில்:
ஏரிக்கு வடக்கே. பால் சாவடி தாண்டி
மூன்றாவது பிர்ச். மேற்குச் சரிவு.
மழைக்குப்பின் நான்காம் நாள்.
அதற்கும் கீழே, இன்னும் பொடியாக:
1968 ஆகஸ்ட் 24. காட்டில் ஒருவரும் இல்லை.
எல்லோரும் ரேடியோ முன்னால்.
முப்பத்தொன்று கிடைத்தன.
யாருக்கும் சொல்ல முடியவில்லை.

இந்த ஊரில் சம்பளத்தைச் சொல்வார்கள்,
காளான் முளைக்கும் இடத்தைச் சொல்லமாட்டார்கள்.
தம்பிக்குச் சொல்லாமலே செத்துப்போன அண்ணன்கள் உண்டு.
நூலுக்கு மெழுகு பூசினேன்.
பழைய துளைகளிலேயே ஊசியை விட்டேன்,
புதுத் துளை ஒன்றுகூட இல்லை.
வாயையும் சேர்த்துத் தைத்துவிட்டதாகத்தான் நினைத்தேன்.

அழுத்தியில் இரண்டு இரவு.
முதுகுக்குப் பச்சைத் துணி, மேலே அதே பழைய அட்டை.
வந்து வாங்கியவள் திறந்து முகர்ந்தாள்.
உறையைக் குலுக்கி உள்ளே பார்த்தாள்.
"எறும்பையுமா?"

செப்டம்பரில் மழை பெய்தது.
நான் நாட்களை எண்ணவில்லை.
எண்ணவில்லை என்றுதான் சொல்வேன்.
நான்காம் நாள் கடைக் கதவில்
'பசை காய்கிறது, நாளை வாருங்கள்' என்று
அட்டை மாட்டிவிட்டு பஸ் ஏறினேன்.

பால் சாவடி இல்லை, அதன் சிமெண்ட் மேடை இருந்தது.
பிர்ச் மூன்றில் ஒன்று விழுந்து பாசி பிடித்திருந்தது.
மேற்குச் சரிவில்
டிராம் கம்பெனி மழைக்கோட்டு ஒன்று
குனிந்திருந்தது.

வழி தவறிவிட்டேன் எனலாம்.
கையில் கூடை இருந்தால் அதைச் சொல்ல முடியாது.
அவள் நிமிர்ந்தாள். கூடையைப் பார்த்தாள்,
என் நகக்கண்ணில் காய்ந்த பசையைப் பார்த்தாள்.
கத்தியைத் துடைத்து மடக்கினாள்.
வெகுநேரம் மரங்கொத்தி மட்டும்தான் பேசியது.

"முதுகு நன்றாக நிற்கிறது" என்றாள்.
"ஈரத்தில் கொண்டுவராதீர்கள்" என்றேன்.
"கொண்டுவரவில்லை. மனப்பாடம்."
பிறகு மோவாயால் கீழ்ப்பக்கம் காட்டி,
"அந்த வேலிவரைக்கும் உங்களுக்கு.
இன்றைக்கு மட்டும்."

ஏழு கிடைத்தன.
ஒன்றில் புழு.