லைன் வந்திட்டா?

ஆரல்வாய்மொழியில் ஆடி மாதம்
கரண்ட் ஒரு நிலையில் நிற்காது.
கணவாய்க்குள் இறங்கும் காற்று
காற்றாலைகளை விரட்ட
எங்கள் மீட்டர் முள் சாமியாடும்.

எனக்கு வேண்டியது முந்நூற்று எண்பது வோல்ட்.
ரொம்பக் குறைந்தால்
இரும்பிடமிருந்து பதின்மூன்றாவது எலெக்ட்ரான் கழலாது.
கொஞ்சம் கூடினால் பதினாலாவதும் போய்விடும்,
கூடவே பச்சையும்.

இரும்பு வந்தது
கற்பூர வாசமுள்ள ஆரஞ்சுப் பொடியாக.
அயனிகளை அடைக்கும் செப்பு வளையங்கள்
மார்த்தாண்டத்தில், கிறிஸ்துதாஸ் பட்டறையில் கடைந்தவை.
ரப்பர் ஷீட் மெஷினுக்கு உருளை போடுகிறவர்.
‘இதுக்க உள்ள என்னதான் நிக்கும்?’
கண்ணுக்குத் தெரியாத ஒரு நூல், என்றேன்.
பில்லில் எழுதினார்:
நூல் வளையம், ஆறு.

இருபத்தாறில் பதின்மூன்று போய்
பதின்மூன்று மிச்சம்.
கிரகணத்தன்று சூரியனைச் சுற்றி
இந்தப் பச்சைக் கோட்டைக் கண்டவர்கள்
பூமியில் இல்லாத பொருள் என்று
பெயர்கூட வைத்துவிட்டார்கள்.
எழுபது வருஷம் கழித்துத்தான் தெரிந்தது:
ஆணி, அரிவாள்மணை, வள்ளத்து நங்கூரம்.
அதே இரும்பு.
சூடு கூடுதல், அவ்வளவுதான்.

பெல்சிட்டா லேசரை நகர்த்துகிறாள்,
மயிரிழையை ஆயிரமாகக் கீறி
ஒரு கீறல் இப்படி, ஒரு கீறல் அப்படி.
அடி. நிறுத்து. இருட்டில் பார்.
வாங்கிய ஒளியை அயனி உடனே தராது,
பதினேழு மில்லிசெகண்ட் வைத்திருக்கும்.
அணுவின் கணக்கில் அது ஒரு யுகம்.
பிறகு தரும், அதே பச்சையில்.

திரையில்
சுழி, சுழி, இரண்டு, சுழி.

மூன்று மணிக்கு எல்லாம் அணைந்தது.
பம்பு மட்டும் பேட்டரியில் முனகியது.
எங்கள் காத்திருப்புக்கு
மில்லிசெகண்ட் கணக்கு ஒத்துவராது.

சுயம்புலிங்கம் அண்ணன் பைக்கில் வந்தார்,
போஸ்ட்டில் ஏறினார்,
கம்பியில் கிடந்த புளியங்கொப்பை அறுத்துத் தள்ளினார்.
விளக்கு வந்தது. மறுபடி முதலிலிருந்து.
அவர் போகவில்லை. கீழே பீடி வெளிச்சம்.

‘லைன் வந்திட்டா?’

ஒன்பது.
பதினேழு.
நாற்பத்தொன்று.
பன்னிரண்டு.

பெல்சிட்டா என்னைப் பார்த்தாள்.
ஜன்னலைத் திறந்து, காற்றுக்கு மேல் கத்தினேன்:
வந்திட்டு அண்ணே!

‘ஆடாம நிக்கா?’

இருங்க, என்றேன்.
இன்னொரு தரம் ஓட்டினோம். அதே இடம்.
நிக்கு!

கொப்பை ஓரமாக இழுத்துப்போடும் சத்தம்,
பிறகு பைக்.
நோட்டில் மணி எழுதினேன், 4.52.
அலைநீளத்துக்கு எதிரே இடம் விட்டிருக்கிறேன்.
பிழைக் கணக்கு பாக்கி.