வெட்டுத் தேதி

"ஃபைல் நெறஞ்சிருச்சுங்கக்கா" என்றான் பாசித்.
சூரமங்கலத்திலிருந்து வண்டியில் வந்தவன்
ஹெல்மெட்டைக் கழற்றி
பில் புத்தகங்களின் மேல் கவிழ்த்திருந்தான்.
"இந்தப் பழைய அவுட்லுக்குக்கு ரெண்டு ஜிபிதான் கணக்கு.
தாண்டுனா அதுவா ஒடஞ்சிரும்.
வெட்டி ரெண்டாக்கணும்."

பத்தொன்பது வருடத்து மெயில்.
இந்தூர், நாக்பூர், கல்கத்தா.
ஜவ்வரிசி மூட்டை காலையில் ஒரு விலை, மாலையில் ஒரு விலை.
ஈரம் அதிகமென்று பாதி வழியில் திரும்பிய லோடு.
தீபாவளிக்குத் தீபாவளி
அதே அகல் விளக்குப் படம்
நானூறு பேரிடமிருந்து.

முதலில் அளவு வாரியாக அடுக்கினான்.
கனமானதெல்லாம் மேலே மிதந்தது:
யாரோ தலைகீழாக ஸ்கேன் செய்த டெண்டர்,
பாய்லர் கம்பெனியின் வண்ணப் புத்தகம்.
திப்பி, என்றேன்.
கிழங்கை அரைத்துப் பால் எடுத்தபின்
சல்லடையில் நிற்குமே, அது.
அதுகூட மாட்டுத் தீவனத்துக்குப் போகும்.

அழித்தோம். இரண்டு டீ ஆனது.
சேர்வராயன் மலைமேல் மேகம் இறங்க
களத்தில் பெண்கள் தார்ப்பாயோடு ஓடினார்கள்.
மேகம் வேறு பக்கம் போனது.
மீதி இன்னும் ஒன்று புள்ளி ஒன்பது.

"வருசக் கடைசியில வெட்டிரலாங்களா?
டிசம்பர் முப்பத்தொண்ணு, ரெண்டாயிரத்துப் பதினொண்ணு?"

மெஷினுக்கு ஒரு தேதி போதும்.
அந்த டிசம்பர் இருபத்தொன்பதில்
செங்கோடனுக்கு எழுதியிருக்கிறேன்:
கிணறு யார் பாகத்தில் வருகிறது?
ஜனவரி மூன்றில் அவன் பதில்:
பொதுவில் இருக்கட்டும்.
கேள்வி ஒரு ஃபைலிலும் பதில் இன்னொன்றிலும்
கிடந்தால் யாருக்கு என்ன புரியும்?

அப்பா போன பிறகு
இதே ஆபீசில் இந்த மேசை எனக்கு, அந்த மேசை தம்பிக்கு.
நடுவே ஒரு பீரோ.
பீரோவைச் சுற்றி வந்து கேட்க முடியாததை
மெயிலில் கேட்டுக்கொண்டோம்,
வக்கீலுக்கு ஒரு காப்பியுடன்.
"அக்கா" என்று தொடங்கியவன்
எந்தக் கடிதத்தில் "தங்களுக்கு" ஆனான் என்று
தேடினால் கிடைக்கும். தேடவில்லை.

தேதியைப் பின்னால் தள்ளிப் பார்த்தோம்.
ஆவணியில் அவன் மகளுக்குக் காதுகுத்து.
பத்திரிகை இந்தப் பக்கம் விழுந்தது,
வர இயலாது என்ற என் ஒற்றை வரி அந்தப் பக்கம்.
எங்கே வைத்தாலும் எதையோ அறுத்தது.

பெயர் வாரியாக அடுக்கச் சொன்னேன். செங்கோடன் மட்டும்.
பத்திர ஆபீசில் கையெழுத்துப் போட்ட மறுநாள் தொடங்கி
பதினாலு மாதம்
அவனும் எழுதவில்லை, நானும் எழுதவில்லை.
நல்ல அகலமான வரப்பு.
பேசாமல் இருந்தது
இப்படி ஒரு வேலைக்கு ஆகுமென்று
அப்போது தெரியாது.
"இங்கே வெட்டு" என்றேன்.

"நடுவுல ஒண்ணு இருக்குதுங்கக்கா."

ஆடிப் பதினெட்டு. இரவு இரண்டு பதினாலு.
தலைப்பு இல்லை. உள்ளேயும் ஒன்றுமில்லை.
ஒரு கேபி.
போன் அப்போதுதான் வாங்கியிருந்தான்,
கை பட்டுப் போயிருக்கும்.
வக்கீலுக்குக் காப்பி இல்லை.
திறந்ததற்கு அடையாளம் இருக்கிறது;
திறந்த ஞாபகம் எனக்கில்லை.

"காலி மெயிலுங்க. தூக்கிரட்டுங்களா?"

களத்தில் யாரோ மாவைக் கிளறிவிடும் சத்தம்.
கிணற்று மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.
இன்று அவன் முறை.

"ரெண்டு ஃபைல்லயும் வை."

"டூப்ளிகேட் ஆகுங்களே.
இடத்துக்குத்தானே இவ்வளவும் பண்றோம்?"

"ஆகட்டும் பாசித்" என்றேன்,
"ஒரு கேபிதானே.
பொதுவில் இருக்கட்டும்."