நடுப்புள்ளி

ஞாயிறு விடியலில் காசிமேட்டில்
மீனைவிடக் கேமரா அதிகம்.
என்னுடையது ரிச்சி தெருவில் வாங்கிய பழசு.
முன்பு வைத்திருந்தவர் கல்யாணங்களுக்குப் போனவராம்,
பட்டன் இடுக்கில் இன்னும் கொஞ்சம் சந்தனம்.

கண்ணை வைத்தால் உள்ளே ஒன்பது கட்டங்கள்.
சுற்றி இருக்கும் எட்டும்
வெளிச்சம் குறைந்தால் திணறும்.
லென்ஸ் முன்னும் பின்னும் உருளும்,
கதவிலக்கம் தெரியாமல்
தெருவை இரண்டு முறை சுற்றும் கூரியர் பையன் மாதிரி.
நடுவில் இருப்பது மட்டும்
சொன்ன இடத்தில் போய் நிற்கும்.

அதனால் ஒரு பழக்கம் வந்துவிட்டது.
முகத்தை நடுவில் வை,
பட்டனைப் பாதி அழுத்து,
பீப் கேட்டதும் விரலை எடுக்காமல்
மெல்ல வலப்பக்கம் திரும்பு.
முகம் இடது ஓரத்துக்குப் போகட்டும்,
வலதில் ஒரு படகும் கொஞ்சம் வானமும் வரட்டும்.
பிறகு மீதிப் பாதி.

அந்தத் திரும்பலுக்குள்தான்
யாராவது தும்முவார்கள்.
ஐஸ் பெட்டி குறுக்கே போகும்.
"வழி வுடு, வழி வுடு!"
மூன்று வருடத்தில் நான் எடுத்த முகங்களில்
பாதிக்குக் காதுதான் தெளிவு.

இந்த வாரம் திரும்புவதில்லை என்று முடிவு.
தேசம்மா கடை எதிரே குத்துக்காலிட்டு
கட்டை விரலால் கட்டத்தைத் தள்ளினேன்.
இடப்பக்கம், இன்னும் இடப்பக்கம், கீழே.
அதற்குள் அவர் குனிந்துவிட்டார்.
கட்டம் எதன் மேலோ விழுந்தது.
பீப்.
அழுத்திவிட்டேன்.

"காட்டு நைனா, எப்டி கீறேன்?"

ஊதாச் சேலையின் ஈரக் கறையாக அவர்.
தராசுக்குப் பக்கத்தில் சாய்ந்து கிடந்த
எடைக்கல் மட்டும்
ஊசி குத்தியது போல் தெளிவு.
பெருமையில் பெரிதாக்கிக் காட்டினேன்.
துரு. அரை கிலோ என்ற எழுத்து.
அடியில் ஈயம் இருக்க வேண்டிய குழி.
குழிக்குள் ஈயம் இல்லை,
ஒரு செதில் ஒட்டியிருந்தது.

இரண்டு பேரும் ஒரே இடத்தைப் பார்த்தோம்.

"இன்னாத்துக்கு கல்ல புட்ச்ச?
மூஞ்சியப் புடி."
பிறகு குரல் தாழ்ந்தது.
"அத்த அழ்ச்சிரு நைனா."

அழிக்கலாமா என்றது கேமரா.
உறுதிதானா என்றது மறுபடி.
அழித்தேன்.

அவர் தலைத்துண்டை எடுத்தார்,
முடியை ஒதுக்கினார், முதுகு நிமிர்ந்தது.
நடுப்புள்ளியை இடது கண்ணில் வைத்தேன்.
திரும்பவில்லை.
இமை மயிர் ஒவ்வொன்றும் எண்ணலாம்.
ஆதார் அட்டைக்கு எடுத்தது போல் இருந்தது.
"இத்து படம்" என்றார்.

சும்மா எழுந்து போக முடியவில்லை.
அரை கிலோ சங்கரா கேட்டேன்.
அதே கல்லைத்தான் வைத்தார்.
முள் நேராக நின்றது.
பையைக் கட்டுமுன்
என்னைப் பார்க்காமல், தட்டைப் பார்க்காமல்,
குவியலின் மேல் விரல்கள் கொஞ்சம் அலைந்து
ஒரு குட்டியை எடுத்துப் போட்டன.
"கொசுறு."

வியாசர்பாடியில் எங்கள் வீட்டுக்குக் கீழே பேக்கரி.
எலக்ட்ரானிக் தராசு. பையன் மூக்கைப் பொத்திக்கொண்டு
"சீக்கிரம் சார், கேக் வைக்கிற இடம்" என்றான்.
சிவப்பு எண்கள் கொஞ்சம் தடுமாறி
ஐந்நூற்று இரண்டில் நின்றன.
குட்டியை வெளியே எடுத்தேன்.
நானூற்று அறுபத்தெட்டு.
திரும்ப உள்ளே போட்டேன்.

"சரியா இருக்கா சார்?"

பதில் சொல்லத் தாமதமானது.
பையின் ஓரத்தில்
பாலிதீனோடு ஒட்டிக்கொண்டு
அந்தக் குட்டியின் ஒற்றைக் கண்,
மற்றதெல்லாம் நீராவியில் மங்க,
அது மட்டும்
துல்லியமாக.